முதல் மாட்டின் பெயர்

எங்கள் தெருக்கோடியில் இன்னும் வீடு எழும்பாத மனை ஒன்று மிச்சமிருக்கிறது. வேப்பம்பட்டில் அப்படிப்பட்ட மனைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அதில் ஒருவர் இரண்டு எருமைகளைக் கட்டியிருக்கிறார். காலையில் நான் ரயிலுக்குப் போகிற நேரத்தில், நீல நிற பிளாஸ்டிக் டிரம்மில் ஊறிய பருத்திக்கொட்டையை முழங்கை வரை விட்டுக் கலக்கிக்கொண்டிருப்பார். புளிப்பும் எண்ணெய்ப் பிசுக்குமாக ஒரு வாசனை வரும். தினமும் அதைக் கடந்துதான் போகிறேன். நேற்று கடக்க முடியவில்லை. ரயில் போய்விட்டது.

பத்தாம் வகுப்பில் உன் கையில் அந்த வாசனைதான் இருக்கும். நீ விடியற்காலையில் எங்கள் கொட்டகைக்கு வந்து மாட்டுக்குத் தீனி கலந்துவிட்டு, அப்படியே பள்ளிக்கு ஓடி வருவாய். மற்ற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனார்கள். நான் மட்டும் நகரவில்லை. பெரிய வீட்டுப் பெண்ணுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று டீச்சர் சொன்னார். நல்ல மனசெல்லாம் இல்லை. ஒருநாள் யாரும் பார்க்காதபோது நானும் அந்தத் தொட்டியில் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு சோப்பில் போய்விட்டது. உன் கையில் மட்டும் ஏன் நிற்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆடியில் நீ செத்துப்போனாய். இப்போது தை. உனக்கு ஒரு மடல் எழுத வேண்டும் என்றால் அன்பில்தான் தொடங்க வேண்டும் என்பார்கள். என்னால் பொறாமையில்தான் தொடங்க முடிகிறது. அதுதான் என்னிடம் குறையாமல் இருக்கிறது.

இதை வேறு யாராவது படிக்க நேர்ந்தால் அவர்களுக்காகவும் நம் மந்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊத்துக்கோட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வந்தால் ஊருக்கு முன்னாலேயே அது தெரியும். நெஞ்சு உயரத்துக்குச் சிவந்த கல்லில் ஒரு வட்ட மதில். கிழக்கே ஒரு திறப்பு, மேற்கே ஒரு திறப்பு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் கிழக்கே மாடுகளை விடுவார்கள். கொம்பில் கட்டிய துண்டை இளைஞர்கள் பறிக்கப் பார்ப்பார்கள். தப்பிய மாடு மேற்கே ஏரிக்குள் ஓடிவிடும். முதல் மாட்டை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது யாருடைய மாடு என்று மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் அவிழ்ப்பார்கள். அந்தப் பெயர் எப்போதும் ‘பெரிய ஊட்டு மாடு’. அதாவது எங்கள் வீடு.

அந்த மதில் எப்படி வந்தது என்பதிலும் நமக்குள் ஒரு வழக்கு உண்டு. ஆயிரம் வருடம், ராஜா கட்டியது என்று ஊரில் சொல்வதை நான் எப்போதும் நம்பியதில்லை. ஏரியின் உபரி நீர் வழிகிற கலங்கலின் கல்லும் மந்தையின் கல்லும் ஒன்றுதான். கலங்கல் கட்டி மிஞ்சிய கல்லில் இதைக் கட்டியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. நீ வேறு கதை சொல்வாய். முளையில் கட்டிப்போட்ட ஒரு மாடு சுற்றிச் சுற்றி வந்ததில் தரையே வட்டமாகப் பள்ளமாகிவிட்டது, அந்த மாடு செத்த பிறகு அதன் வட்டத்தைக் கலைக்க மனம் வராமல் ஊர் மதில் கட்டியது என்று. ஆதாரம் என்ன என்று கேட்டால், “பள்ளம் கீது இல்ல, போய்ப் பாரு” என்பாய். இந்த மந்தையைப் பற்றிப் பின்னாளில் நான் நான்கு பக்கம் எழுதினேன். டிவிக்காரர்கள் வந்தபோது உன்னிடம்தான் மைக்கை நீட்டினார்கள்.

நமக்குப் பதினைந்து வயது நடந்த அந்தத் தையை நீ மறந்திருக்க மாட்டாய். வீட்டில் கல்யாணமாகாத பெண்தான் முதல் மாட்டைக் கிழக்குத் திறப்பு வரை கயிறு பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டும். அந்த வருடம் முதல்முறையாக என் முறை. புதுப் பாவாடை, தாவணி, தலை நிறைய கனகாம்பரம். மாடு கிழக்குத் திறப்புக்குக் கொஞ்சம் முன்னால் வரை வந்தது. அங்கே நின்றுவிட்டது. நான் இழுத்தேன். தட்டினேன். அது என்னை ஒரு ஈயைப் பார்ப்பதுபோல் பார்த்தது. மதில் மேல் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாம்மா, மாடு கோச்சுக்கினு கீதா?” என்று யாரோ கத்தினார்கள்.

“பரிட்சைக்குப் படிக்கச் சொல்லு, நடக்கும்!” என்றார் இன்னொருவர். மதில் முழுக்கச் சிரித்தது.

நீ உங்கள் ஆட்களோடு மேற்குப் பக்கம் நின்றிருந்தாய். உங்களுக்கு அப்போது அங்கேதான் இடம். நீ நாக்கை மடித்து ஒரு சத்தம் போட்டாய். ஒரே ஒரு தடவை. மாடு தலையைத் தூக்கியது. பிறகு நீ மந்தைக்கு வெளியே சுற்றிக்கொண்டு வந்து, மாட்டுக்குப் பத்தடி முன்னால், அதன் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தாய். “வாடா தொர, வாடா” என்றாய். அது வந்தது. கயிறு என் கையில்தான் இருந்தது. யார் நடத்திக்கொண்டு போகிறார்கள் என்பது மதில் மேலிருந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்தது.

பிறகு மதிலுக்குப் பின்னால் என்னைப் பிடித்துக்கொண்டாய். நாலு பேர் முன்னால் நான் உனக்குப் பாப்பா. தனியாக இருந்தால் ‘டி’ போட்டுத்தான் பேசுவாய்.

“இன்னாடி மூஞ்ச தூக்கி வச்சுகினு கீறே? கவுற கெட்டியா புடிச்சுகினு இருந்தியே, அது போதும்.”

கேலி செய்கிறாயா, ஆறுதல் சொல்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

வீட்டில் சோறு போட்டு உட்கார்ந்ததும் என் நைனா சொன்னார்: “மாட்டுக்கு யாரு ஊட்டுப் பொண்ணுன்னு தெரியாது. யாரு தண்ணி காட்றாங்கன்னுதான் தெரியும்.” அவர் என்னைத் திட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “அந்தப் பொண்ணு கைல இன்னாமோ கீது” என்றும் சொன்னார். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். என் கையில் என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் வாங்கிய பட்டங்களில் பாதி அந்த ராத்திரிச் சோற்றுக்குச் சொன்ன பதில்தான். எம்.ஏ., எம்.ஃபில்., பிறகு கல்லூரியில் வரலாற்றுத் துறை. அவர் எல்லாவற்றுக்கும் “நல்லது” என்றார்.

நீ பத்தாவதோடு நின்றாய். கல்யாணம், ஒரு பெண் குழந்தை, பிறகு கும்மிடிப்பூண்டியில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனி. கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டே மாட்டையும் விடவில்லை. நைனா பக்கவாதத்தில் படுத்தபோது நான் சனிக்கிழமைதோறும் வருவேன். “டிரெய்ன்ல கூட்டமா?” என்பார். அதோடு எங்கள் பேச்சு தீர்ந்துவிடும். ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு நீ உள்ளே வந்தால் அவருக்கு வாய் திறக்கும். “மாடு தண்ணி குடிச்சுதா? பின்னங்கால் வீக்கம் வத்திச்சா?” கோணிய வாயால் கேட்டுக்கொண்டே இருப்பார். நீ கட்டில் காலில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வாய். நான் சமையலறையில் காபி கலந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். சாகிற தகப்பனுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடக்கிற மாட்டுப் பேச்சில் ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன் ஒருநாள். நீ ஒரு வார்த்தை பேசாமல் குடித்தாய். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் போன பிறகு என் தம்பி பெங்களூரோடு இருந்துவிட்டான். நிலம் கைமாறியது. மாட்டை யாரும் கேட்கவில்லை, நீ ஓட்டிக்கொண்டு போனாய். மாடு விடக்கூடாது என்று தடை இருந்த வருடங்களில் பலர் மாட்டை விற்றுவிட்டார்கள். நீ வைத்துக்கொண்டிருந்தாய். தடை நீங்கியதும் விழாவுக்கு அனுமதி கேட்க ஊரின் வழக்கத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றார்கள். விழாக் குழுத் தலைவர் என்னைத் தேடி வேப்பம்பட்டுக்கு வந்தார். “படிச்சவங்க நீங்கதான் மேடம், நீங்க எழுதினா ஒருத்தன் ஒண்ணும் கேக்க மாட்டான்” என்றார்.

நான் எழுதிய நான்கு பக்கங்களில் ராஜாவைச் சேர்க்கவில்லை, ஆயிரம் வருடத்தைச் சேர்க்கவில்லை. ஆதாரம் உள்ளதை மட்டும் எழுதினேன். கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம்: ‘முதல் மாடு விடும் உரிமை தொன்றுதொட்டுப் பெரிய வீட்டாருக்கு உரியது.’ மாணவர்களின் கட்டுரைகளில் ‘தொன்றுதொட்டு’ என்று வந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘எப்போதிலிருந்து? யார் சொன்னது?’ என்று எழுதுகிறவள் நான். அன்று என் கை நிற்கவேயில்லை. அதுவரை அந்த உரிமை ஊர் வாயில்தான் இருந்தது. வாயில் இருந்தால் ஒருநாள் மாறியும் போகும். நான் அதைக் கோப்பில் வைத்துக் கட்டிவிட்டேன்.

பிறகு நைனாவின் மாடு கிழடாகிச் செத்தது. நீ சந்தையில் வேறொரு இளங்காளையைப் பிடித்துவந்து இரண்டு வருடம் வளர்த்தாய். வெள்ளையில் சாம்பல் திமில். முந்தைய மாடுகளைப் போல இதையும் தொரை என்றே கூப்பிட்டாய். அது முதல்முறை இறங்கிய வருடம், விழாவுக்கு முந்தின நாள், நான் மந்தைக்கு வந்திருந்தேன். நீ கிழக்குத் திறப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய்.

“ஒன்னு கேக்கட்டா? கோச்சுக்காதே.”

“கேளு.”

“இது உங்க ஊட்டுக் கன்னு கூட இல்ல. ஷிஃப்டு முடிச்சிட்டு வந்து சாணி அள்றது நானு. நாளைக்கு மைக்ல பெரிய ஊட்டு மாடுன்னு கூப்டா மாடே சிரிக்கும்டி. ஒரே ஒரு வாட்டி என் பேர சொல்லச் சொல்றியா?”

நீ என்னிடம் அதற்கு முன்னால் எதையும் கேட்டதில்லை. எனக்கு அப்போது முதலில் வந்தது சந்தோஷம். உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்ற சந்தோஷம். அதை மறைத்துக்கொண்டு, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன்: “அது என் கைல இல்ல. ரெக்கார்டுல அப்படி இருக்கு.”

“ரெக்கார்டு யாரு எழுதினது?”

“நான் இருக்கிறததான் எழுதினேன்.”

நீ கையிலிருந்த கல்லை மதிலுக்கு அப்பால் எறிந்தாய். “சரி வுடு, பேஜாரு பண்ணிக்காதே. மாட்டுக்கு இன்னா, எந்தப் பேர சொன்னாலும் ஓடும்” என்றாய். மறுநாள் மைக்கில் எங்கள் வீட்டுப் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். நான் குழுவோடு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாடு ஏரிக்குள் போனதும் இளைஞர்கள் கூட்டமாக உன்னைப் பார்த்து ஓடினார்கள். “யக்கா, சூப்பர் யக்கா!” என் நாற்காலிப் பக்கம் யாரும் வரவில்லை. பெயர் என்னுடையது, கூட்டம் உன்னுடையது. அதிலும் எனக்கு வயிறு எரிந்தது.

உனக்கு உடம்புக்கு வந்தபோது ஒரே ஒருமுறை பார்க்க வந்தேன். ஜன்னலைக் கொட்டகைப் பக்கம் திறந்துவைத்து, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாய். பாதியாகியிருந்தாய். நான் ஆப்பிள் பையை வைத்தேன்.

“இன்னாடி, ஆப்பிளா? எனக்கு ஒண்ணும் எறங்க மாட்டேங்குது. தொரைக்குப் போடு, அவன் துன்னுவான்.”

நான் ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகப் போட்டேன். நீ சிரித்தாய். அந்த ஒரு மணி நேரமும் நீ திரும்பக் கேட்பாய், நான் சரி என்று சொல்லலாம் என்று காத்திருந்தேன். நீ கேட்கவே இல்லை. உன் மகளின் வேலை, என் முட்டிவலி, கம்பெனி கேன்டீன் சாம்பார் என்று எதையெல்லாமோ பேசினாய். நானாகச் சொல்லியிருக்கலாம். கேட்டால் கொடுக்கலாம் என்றே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

மார்கழியில் உன் மகள் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு என் வாசலில் நின்றாள். உன்னைப் போல உயரம் இல்லை. கண் மட்டும் உன்னுடையது. அவள் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறாள்.

“இந்த வருஷம் முதல் மாட்ட அம்மா பேர்ல வுடலாம்னு பசங்க சொல்றாங்க மேடம். ரெக்கார்டுல உங்க ஊட்டுப் பேரு கீதாம். நீங்க ஒத்துக்கினு கையெழுத்து போட்டா மாத்திக்கலாம்னு தலைவர் சொன்னாரு.”

அந்தக் காகிதத்தில், ‘பெரிய வீட்டார் தங்கள் உரிமையைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுக்கிறார்கள்’ என்று தட்டச்சு செய்திருந்தது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? செத்தவளிடம்கூடவா பொறாமை என்று நீ கேட்பாய். ஆமாம். ஊரில் எங்களுக்கு வீடு இல்லை, நிலம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை மைக்கில் வருகிற மூன்று அழைப்புதான் பாக்கி. அதையும் உனக்கே கொடுக்க வேண்டுமா என்றிருந்தது.

உன் மகள் காபி குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். “நீங்க போடலன்னாலும் மாடு வரும் மேடம். அம்மா வுடச் சொல்லிட்டுதான் போச்சு. பேருதான் உங்க இஷ்டம்” என்றாள். குரலில் கோபம் இல்லை. நீயே வந்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

விழாவன்று காலை ஏழு மணிக்கெல்லாம் ஊருக்குப் போய்விட்டேன். மந்தையைச் சுற்றிக் கம்பித் தடுப்பு, ஆம்புலன்ஸ், பொன்னேரியிலிருந்தும் ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்தும் வந்த கூட்டம். குழுப் பந்தலில் தலைவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க மேடம், நாஷ்டா ஆச்சா? கையெழுத்து போட்டுடறீங்களா? மைக்செட்காரன் பறக்கறான்.”

“இதுல போட மாட்டேன்” என்றேன்.

உன் மகள் ஓரமாக நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, கொம்பில் கட்டும் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பழைய கோப்பைக் குடுங்க” என்றேன். நகல் இருந்தது. நான்காம் பக்கத்தைத் திருப்பி, என் வாக்கியத்தின் மேல் கோடு இழுத்தேன். விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. உரிமை என்னுடையதாக இருந்தால்தானே விட்டுக்கொடுக்க முடியும்? கீழே எழுதினேன்: ‘இந்த வாக்கியத்துக்கு என்னிடம் என் தகப்பனார் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. எனக்குத் தெரிந்து இத்தனை ஆண்டுகளாக முதல் மாட்டை வளர்த்து இந்த மந்தைக்குக் கொண்டுவந்தவர் ஒருவர்தான். அதற்கு நான் சாட்சி. முன்பு எழுதியது பிழை.’ உன் முழுப் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டேன். பெருந்தன்மையால் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ராஜாவையும் ஆயிரம் வருடத்தையும் நம்ப மறுத்தவள், தனக்குச் சாதகமான ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எதையும் கேட்காமல் நம்பியிருக்கிறேன். அந்தப் பிழையை உன் மகள் பார்க்க நான் திருத்த வேண்டியிருந்தது.

தலைவர் படித்துப் பார்த்தார். “இன்னா மேடம், பரிட்சை பேப்பர் மாரி எழுதிட்டீங்க” என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மைக்செட்காரனைக் கூப்பிட்டார்.

அன்று நாற்காலிக்குப் போகாமல் மதிலோரமாக, ஜனங்களோடு நின்றேன். உன் பெயரை முதல்முறை கூப்பிட்டபோது கூட்டத்துக்குப் புரியவில்லை. இரண்டாவது முறை மேற்குப் பக்கம் விசில் கிளம்பியது. மூன்றாவது முறை மைக் சத்தமே கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பெயருக்கு ஒருநாளும் அப்படி விசில் அடித்ததில்லை. சாம்பல் திமில் கிழக்கே தெரிந்தது. உன் மகள் கயிற்றை விட்டாள். மாடு யாரையும் பார்க்காமல், ஒரு பக்கமும் சாயாமல், நேராக மந்தையைக் கடந்து ஏரிக்குள் இறங்கிவிட்டது. பத்து விநாடி இருக்கலாம்.

சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். பொய் சொல்லி உன்னை ஏமாற்ற முடியாது. நான் செத்தால் என் பெயரை இப்படி யார் கூப்பிடப்போகிறார்கள் என்றுதான் தோன்றியது. கல்லூரியில் ஒரு இரங்கல் கூட்டம் போடுவார்கள், பட்டங்களை வரிசையாகப் படிப்பார்கள், டீ கொடுப்பார்கள். உயிரோடு இருந்தபோது என்னை முந்திக்கொண்டே இருந்தவள் இப்போதும் முந்திவிட்டாய்.

பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். வெளியூர். என் புடவையையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“முதல் மாடு பெரிய ஊட்டு மாடுன்னு சொன்னாங்களே. நீங்கதானாம்மா அந்த ஊடு? உங்க மாடா அது?”

“இல்லம்மா” என்றேன். “அவ மாடு.”

சொல்லும்போதும் பொறாமை தணியவில்லை. இந்த வயதில் இன்னொருத்தியிடம் போய் இப்படிப் பொறாமைப்பட எனக்குத் தெம்பும் இல்லை, அதற்குத் தகுந்த ஆளும் இல்லை. அது உன்மேலேயே இருக்கட்டும். நான் வைத்துக்கொள்கிறேன்.